முட்டி வேண்டுதல்

எனக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறது, வேலை செய்யாது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் போகிறபோது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே உள்ளதெல்லாம் சரியாகவே இருக்கிறது, வாய் உட்பட. வீட்டிலும் வாசலிலும் முட்டி போட்டே நடப்பேன். மெழுகின தரை என்றால் முட்டி மட்டும் போதும். கல்லும் முள்ளுமாக இருந்தால் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்வேன். அண்ணன் தேய்ந்துபோன சைக்கிள் டயரை வெட்டி, இரண்டு முட்டிக்கும் வைத்துக் கட்டிக்கொள்கிற மாதிரி வார் போட்டுக் கொடுத்திருந்தான். ஊரில் பார்த்துப் பழகியவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எல்லாரும் உள்ளே போன பிறகு போவேன், எல்லாரும் எழுந்திருக்கும் முன்னால் வெளியே வந்துவிடுவேன்.

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவான சமயம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் விவசாயம் செய்கிற வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் அண்ணனும்தான் காட்டு வேலை பார்த்தார்கள். அண்ணனுக்குப் பெண் தேடினார்கள். எங்கள் வேதத்தில், எங்கள் சனத்தில் பெண் இருக்கிற வீடுகளே கொஞ்சம். அந்த வீட்டுக்காரர்கள் வருவார்கள், காபி குடிப்பார்கள், காட்டைப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்ப்பார்கள். போய்ச் சேதி அனுப்புகிறோம் என்பார்கள். சேதி வராது. இப்படி இரண்டு மூன்று இடம் தட்டிப்போனது. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

அடுத்து வந்தது பாலக்கோட்டுப் பக்கத்துச் சம்பந்தம். இந்த முறை அம்மா உஷாராகிவிட்டாள். தரகரிடம், எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை, சாமிக்குப் போகிற பெண், சீக்கிரமே அம்மாக்கள் வளவில் சேரப்போகிறாள் என்று சொல்லிவிட்டாள். காலைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும், நான் சாமிக்குப் போகிற பெண் என்று.

அம்மாக்கள் வளவு எது என்று சொல்ல வேண்டும். பாலக்கோட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பழைய மாதா கோயிலை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே மதில் போட்ட ஒரு வளாகம். ஒரு பஞ்ச காலத்தில் திக்கற்றுப்போன பெண்களுக்காக வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கட்டியது என்பார்கள். மூன்று பக்கமும் வரிசையாக ஓட்டு வீடுகள். நடுவில் கல்லில் கட்டின சின்ன ஜெபக்கோயில், பக்கத்தில் கிணறு. கல்யாணம் கட்டாதவர்கள், கட்டியவனைப் பறிகொடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் கிடையாது. வார்த்தைப்பாடு கொடுத்தவர்களும் கிடையாது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, பூசைக்கு அப்பம் சுட்டு, பீடத்துத் துணி வெளுத்து, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார்கள். அவர்களில் மூத்தவரைத் தலைவியாக வைத்து எல்லாரும் 'பெரியம்மா' என்று கூப்பிடுவார்கள். வளவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்வாசலின் கல்லைத் தாண்டி ஆம்பளை கால் படக்கூடாது. பூசை வைக்க வருகிற சாமியாருக்கு மட்டும் விலக்கு. செத்தவர்களைக்கூட வாசல் கல் வரைக்கும் பெண்களே தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அம்மா தரகரிடம் சொன்ன பொய் நேராக எங்கே போய் விழுந்தது தெரியுமா? அண்ணனுக்குப் பார்த்த பெண்ணோட சொந்த அத்தைதான் அந்த வளவின் பெரியம்மா. "எங்க வளவுக்கு வர்ற புள்ளயா? எனக்குத் தெரியாம? கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பாக்கறேன்" என்று அவர் சொல்லி அனுப்பினார். அவர் வார்த்தைக்கு மேல் அந்த வீட்டில் மறு வார்த்தை இல்லை என்றும் தரகர் சொன்னார். அவர் சரி என்றால் கல்யாணம். என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் இதுவும் போச்சு.

அம்மா போட்ட திட்டம் சுலபமானது. வளவின் வெளிவாசல் வளைவுக்கும் உள்வாசலுக்கும் நடுவில், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. அதுவரைக்கும் ஆம்பளைகள் வரலாம். அண்ணன் என்னை உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு போய், யாரும் பார்க்கும் முன்னால் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்துவிட வேண்டும். பெரியம்மா வந்து பார்ப்பார். உட்கார்ந்த நிலையில் பார்த்தால் எனக்கு ஒரு குறையும் தெரியாது. நல்ல உயரம், நல்ல நிறம், சேலையைத் தழைத்து விட்டுக்கொண்டால் ராசாத்திதான். பிறகு சேர்கிற விஷயத்தை நாளைக் கடத்திக் கடத்திக் கல்யாணத்துக்கு அப்பால் தள்ளிவிடலாம். நான் டயரை முட்டியில் கட்டப் போனபோது அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். டயர் கட்டிக்கொண்டு எவளாவது சாமிக்குப் போவாளா என்று கேட்டாள். பஸ் ஏறும்வரை நானும் அவளும் இதற்காகச் சண்டை போட்டோம். ஜெயித்தது அவள்தான்.

போன நாள் ஈஸ்டருக்கு முந்தின தபசு நோன்பு காலத்து வெள்ளிக்கிழமை. அதை நாங்கள் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமையென்றால் சுற்று ஊர்ப் பெண்களெல்லாம் சிலுவைப்பாதை செய்ய அந்த வளவுக்கு வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, அண்ணன் முதுகில் நான் தொங்கிக்கொண்டு போகிறேன், முன்னாலும் பின்னாலும் முக்காடு போட்ட பெண்கள். முகத்தை அண்ணன் தோளில் புதைத்துக்கொண்டேன். அவன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போகிறவன் முதுகில் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு போகிறான் என்று நினைத்தபோது, அப்படியே இறங்கி எங்காவது புதருக்குள் உருண்டுவிடலாமா என்றிருந்தது.

எப்படியோ பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான். சேலையைச் சரி செய்துகொண்டேன். உள்ளேயிருந்து வெள்ளைச் சேலைக்கார அம்மா ஒருவர் வந்து எங்களை விசாரித்துவிட்டுப் போனார். திரும்பி வந்து, பெரியம்மா ஜெபக்கோயிலில் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடியாமல் வாசலுக்கு வரமாட்டார் என்றும், எங்களை அங்கேயே வரச் சொன்னார் என்றும் சொன்னார்.

அம்மாவும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு மயக்கமாக இருக்கிறது, இங்கேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். மயக்கம் என்றால் உள்ளே வந்து படுக்கட்டும், வெயிலில் என்னத்துக்கு என்று அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். வேறு வழியில்லாமல் போய்விட்டது. அவர் முன்னால் திரும்பி நடந்த நேரம் பார்த்து அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் உள்வாசல் கல்லுக்கு அந்தப் பக்கம் இறக்கி விட்டான். அவன் கால் விரல்கள் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றன. அம்மாவுக்கு இடுப்பு வலி; என்னைத் தூக்க முடியாது. ஜெபக்கோயில் தூரத்தில் இருந்தது. வழியெல்லாம் செம்மண் சரளை. இரண்டு பக்கமும் பெண்கள். நான் போட்டேன் முட்டியை. வேறென்ன செய்வது?

நாலு எட்டு வைத்திருக்க மாட்டேன், பக்கத்தில் நின்ற ஒரு பெண் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. இனி அவள் வாயில் கையை வைத்துக்கொள்வாள், ஐயோ பாவம் என்பாள், எந்த ஊர் என்று கேட்பாள், கதை பெரியம்மா காதுக்குப் போகும், அண்ணன் கல்யாணம் இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். அவளோ குனிந்து, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"முட்டி வேண்டுதலுங்களா?"

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வேண்டுதல் உண்டு. பெரிய காரியம் ஏதாவது கைகூட வேண்டுமென்றால், மாதா கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டு வருகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். தபசு காலத்தில் எங்கேயாவது யாராவது செய்துகொண்டிருப்பார்கள். அதைத்தான் அவள் கேட்டாள். அம்மா ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"ஆமாங்க. அவங்க அண்ணனுக்குக் கல்யாணம் நல்லபடியா நடக்கோணும்னு."

எனக்கு அம்மாவைப் பிடித்துக் கடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்தப் பெண் அதற்குள் இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். வழி விலகியது. ஒருத்தி ஓடிப்போய்க் கிணற்றடியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து எனக்கு முன்னால் சரளையில் தெளித்தாள். இன்னொருத்தி குனிந்து குனிந்து கூரான கற்களைப் பொறுக்கி எறிந்தாள். யாரோ செபமாலை ஆரம்பித்தார்கள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிழவி நான் முட்டி வைத்த இடத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனுக்காக இப்படி ஒரு தங்கச்சியா, எந்த வயிறு பெற்றதோ என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. பெற்ற வயிறு பக்கத்திலேயே செபமாலை உருட்டிக்கொண்டு வந்தது.

இதில் ஒன்றைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. நினைவு தெரிந்ததிலிருந்து என்னைப் பார்த்தவர்கள் இரண்டு விதமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்: பரிதாபமாகவோ, பார்க்காத மாதிரியோ. அன்றைக்கு முதல் தடவையாக, வேண்டுமென்றே முட்டி போடுகிற ஒருத்தியாக, நினைத்தால் எழுந்து போகக்கூடிய ஒருத்தியாக என்னைப் பார்த்தார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். கையை ஊன்றாமல் போனேன். ஒருத்தி என் சேலையை முன்பக்கம் லேசாக முட்டிக்கு மேல் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, சரளையில் இவ்வளவு தூரம் வந்தும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை, மாதா பார்த்துக்கொள்கிறாள் என்று கத்தினாள். பதினாறு வருஷமாகக் காய்த்துப்போன முட்டி. எருமைத் தோல். அதில் எங்கேயிருந்து ரத்தம் வரும்? வெட்கத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜெபக்கோயில் படி அகலமான கல். கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிப் போட்டு ஏறினேன். உள்ளே பீடத்துக்கு முன்னால் பெரியம்மா நின்றிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கறுத்த, ஒல்லியான அம்மா, மூக்குக் கண்ணாடி. சேதி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. நான் போய் நின்றதும், நின்றதும் என்று சொல்வது வழக்கம்தானே, என் தலைமேல் கை வைத்து ஏதோ மந்திரம் சொன்னார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"வேண்டுதல் முடிஞ்சுது. எந்திரி கண்ணு."

ஜெபக்கோயில் முழுக்கப் பெண்கள். எல்லாரும் நான் எழுந்திருப்பதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புத் தரையில் ஒரு விரிசல் இருந்தது. அது இன்னும் கொஞ்சம் பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. பெரியம்மா மறுபடியும் தோளைத் தட்டினார். அம்மா முந்திக்கொண்டாள். போகிறபோதும் வாசல் வரைக்கும் முட்டியிலேயே போவதாக நேர்ந்திருக்கிறாள் என்று ஒரு போடு போட்டாள்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுப் பிள்ளை கல்யாணத்துக்குத்தானே இவ்வளவும், இவள் மட்டும் ஏன் பாடுபட வேண்டும், நானும் கூட வருகிறேன் என்று சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே, பீடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எலும்பு முறுகுகிற சத்தம் கேட்க, முட்டி போட்டுவிட்டார். அவர் போட்டதைப் பார்த்து வளவு அம்மாக்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். வந்திருந்த பெண்களும் போட்டார்கள். கடைசியில் அம்மாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போட வேண்டியதாயிற்று. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

அப்படியே எல்லாரும் வெளியே வந்தோம். நான் முன்னால், பக்கத்தில் பெரியம்மா, பின்னால் அத்தனை பேர். கல்படியில் இறங்கும்போதே அவர் தடுமாறினார். சரளைக்கு வந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தார். வாய் மட்டும் ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவருடைய வெள்ளைச் சேலையில் முட்டிப் பக்கம் சிவப்பாக ஊறியதைப் பார்த்தேன். செம்மண் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு எட்டு வைத்தார். செம்மண் இல்லை. அவருக்குப் பின்னால் யாரோ ஐயோ ஐயோ என்று அழுதுகொண்டே வந்தார்கள். வலியிலா பக்தியிலா தெரியவில்லை.

வாசலைப் பார்த்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தான். வாயை மூடிக்கொண்டு இந்தக் கொஞ்ச தூரத்தைக் கடந்துவிட்டால் அவனுக்குக் கல்யாணம். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் வருகிற பெரியம்மாவின் முட்டியிலிருந்து ரத்தம் வருகிறது. என் முட்டியில் ஒன்றுமில்லை. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் நின்றேன். அவரும் நின்றார்.

"பெரியம்மா, எந்திரிச்சுக்குங்க. இது வேண்டுதல் இல்லீங்க. எனக்கு நடக்க வராதுங்க. வூட்டுலயும் இப்படித்தாங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். பின்னால் செபமாலைச் சத்தம், யாருக்கும் கேட்டிருக்காது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பெரியவர்கள் முகத்தை நான் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தே பழகியவள். இவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. கண்ணாடிக்குள் கண் சின்னதாகித் தெரிந்தது. என் சேலைக்குக் கீழே, பின்னால் இழுபட்டுக் கிடந்த பாதங்களைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தார். முன்னால் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஸ்தோத்திரத்தைத் தொடங்கி, அடுத்த முட்டியை எடுத்து வைத்தார்.

அவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். என்மேல் இரக்கப்பட்டாரா, அல்லது இத்தனை பேரை முட்டி போட வைத்துவிட்டு ஏமாந்தேன் என்று எப்படி எழுந்திருப்பது என்று நினைத்தாரா? எனக்குத் தெரியாது. வாசல் கல் வரைக்கும் வந்தார். இரண்டு பேர் தாங்கித் தூக்கி நிறுத்தினார்கள். முட்டியை மடக்க முடியாமல், காலை அகட்டி நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி அண்ணனிடம் சொன்னார்.

"தூக்கிக்கப்பா. புள்ள களச்சுப்போச்சு."

அண்ணன் கல்லுக்கு அந்தப் பக்கமிருந்தே கையை நீட்டி என்னை வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் உன் வாய் சும்மா இருக்காதா, பாவி, அண்ணன் குடியைக் கெடுத்தாயே என்று தருமபுரி வரைக்கும் திட்டினாள். அண்ணன் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. என்னை முதுகில் தூக்கிப் போய்த் தலைகுனிந்தவனுக்கு, நான் உள்ளே போய் இதையும் செய்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாளும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாஸ்கா, அதுதான் ஈஸ்டர், முடிந்து தரகர் வந்தார். பெண் கொடுக்கச் சம்மதம் என்றார். அம்மா அவரை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டாள். கூடவே பெரியம்மா எனக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார். வளவில் வீட்டுக்கு வீடு படி, கிணற்றடி வழுக்கும், ஆளாளுக்குத் தன் வேலையைத் தானே செய்துகொள்கிற இடம். அதனால் அந்தப் பிள்ளை வளவுக்கு வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். அம்மாவுக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்கு விழுந்தது. நான் வளவுக்குப் போக ஆசைப்பட்டவளே இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கேட்டபோது, செருப்பில்லாத காலில் முள் ஏறின மாதிரி இருந்தது. எனக்குத்தான் காலை ஊன்றி முள் ஏறின அனுபவமே கிடையாது.

அண்ணி வந்தாள். நல்லவள்தான். வந்த அன்றைக்கு நான் வாசலைத் தாண்டி முட்டியில் போவதைப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் அத்தை பெரியம்மா எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வருஷம் ஒன்று போன பிறகு, ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"காலு இல்லாத நாத்தனா, வாயும் இல்லாம கெடப்பா, தைரியமா போன்னாங்க."

வாய் விஷயத்தில் பெரியம்மா கணக்குத் தப்பிவிட்டது. அதை அண்ணியே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். ஒருவர் முகத்துக்கு நேராக முகம் வைத்து உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பேர் அதுதானா என்று இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். முட்டி போட்ட பெண்ணின் அண்ணனுக்குக் கல்யாணம் கூடிவிட்டது என்ற பேச்சு வளவிலிருந்து கிளம்பியது. பெரியம்மா ரத்தம் சிந்தினார், மாதா கேட்டுவிட்டாள் என்றார்கள். அடுத்த தபசு காலத்திலேயே, மகனுக்குப் பெண் அமையாத தாய்மார்கள் தங்கள் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளவுக்குப் போக ஆரம்பித்தார்கள். உள்வாசல் கல்லிலிருந்து பீடம், பீடத்திலிருந்து கல். போகவும் வரவும் முட்டி. அண்ணன் தம்பி கல்யாணத்துக்கு அக்கா தங்கச்சிதான் போட வேண்டும் என்று ஒரு முறையும் வைத்துவிட்டார்கள். கம்பைநல்லூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்தது. எங்கள் ஊர்க்காரி ஒருத்தி என்னிடமே வந்து அதன் மகிமையைச் சொன்னாள். முட்டியில் போகிறவள் என்று என்னைச் சேர்த்துக்கொள்ளாத இடம், முட்டியில் போவதைத் திருநாளாக்கி வைத்துக்கொண்டிருந்தது. அங்கே உண்மை தெரிந்தவர் ஒருவர்தான். அவரும் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் திறந்தேனா? என் பேர் வெளியே வந்தால் அண்ணிக்குத் தலைகுனிவு, அண்ணனுக்குத் தலைகுனிவு. உள்ளே ஒவ்வொரு தபசு காலத்திலும் கூனிக் குறுகிக் கிடந்தேன்.

பெரியம்மா எழுபதுகளின் நடுவில் இறந்துபோனார். ஆண்டுப் பூசைக்கு அண்ணி குடும்பம் முழுவதும் வர வேண்டும் என்றாள். அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அதே கல்லில் இறக்கி விட்டான். இந்த முறை டயர் கட்டியிருந்தேன், சேலைக்குள்ளே. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. வழி நெடுக வரிசையாகப் பெண்கள் முட்டி போட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தாய்மார்கள் பக்கத்தில் குடத்தோடு நடந்தார்கள். அண்ணி முன்னால் போய்விட்டாள். வேறு பாதை இல்லாததால் நானும் அந்த வரிசையிலேயே போக வேண்டியிருந்தது.

எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண். பன்னிரண்டு வயது இருக்கலாம். பாவாடை கிழிந்து இரண்டு முட்டியும் சதை தெரியச் சிராய்த்திருந்தது. மூக்கும் கண்ணும் ஒழுக அழுதுகொண்டே போனாள். கையை ஊன்றினாள். அவள் தாய் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கை ஊன்றக் கூடாது, ஊன்றினால் பலிக்காது, பின்னால் வருகிற அக்காவைப் பார், எப்படி வருகிறாள் என்று என்னைக் காட்டினாள். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அந்தத் தாய்மேல் மட்டும் இல்லை. என் அம்மாமேல், செத்துப்போன பெரியம்மாமேல், வாய் இருந்தும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல்.

"எந்திரிச்சு நடந்து போ கண்ணு. உனக்குத்தான் காலு இருக்குதே."

தாய் என்மேல் பாய்ந்தாள். சாமி காரியத்தில் குறுக்கே பேசலாமா, அப்படியானால் நீ மட்டும் எதுக்கு முட்டி போட்டு வருகிறாய் என்று கேட்டாள். வரிசை நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நினைவு தெரிந்ததிலிருந்து நான் மறைத்து வைத்திருந்ததை நானே சேலையை விலக்கிக் காட்டினேன். டயரை, அதற்குக் கீழே குச்சியாகச் சூம்பிப்போய்த் திரும்பிக் கிடந்த இரண்டு காலை. எனக்கு நடக்க வராது, எந்த வேண்டுதலும் இல்லை, முதல் முதலில் இங்கே முட்டி போட்டவளும் நான்தான், அன்றைக்கும் வேண்டுதல் இல்லை என்று சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

அந்தத் தாய் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மகள் பக்கம் குனிந்தாள்.

"பாத்தியா? காலு இல்லாதவங்களே வர்றாங்க. உனக்கென்ன கேடு?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த முட்டியை வைத்தாள்.